ஊழியம் என்று சொன்னால் சேமநிதி கட்ட வேண்டாமா?

மலேசியாவின் பேராக்கில் ஒரு தோட்டப்புறச் சிற்றூரிலிருந்து வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, அதாவது தோட்ட ஆபிஸ் எழுத்தர். ஊரிலுள்ள தமிழ் மெதடிஸ்ட் சபையில் எல்.சி.இ.சி. என்று சொல்லப்படும் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். சுற்றியிருந்த தோட்டங்களை விட்டுச் சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்கு வந்த பிறகு, லயங்களில் இருந்த சின்னச் சின்ன ஜெப வீடுகள் எல்லாம் இந்த ஒரே சபைக்குள் அடங்கிவிட்டன. எழுபது குடும்பங்கள். போதகர் ஒருவர்தான், அவருக்கு இன்னும் இரண்டு சபைகள் உண்டு. அதனால் குருப்பட்டம் பெறாதவர்களில் மூன்று பேரைச் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று குழு யோசிக்கிறது.

முதலாமவர், 54 வயது அக்கா. பதினெட்டு வருடமாகச் சபையைத் திறந்து, கூட்டி, கழுவி, பூட்டி வருகிறார். வாரத்தில் ஆறு நாள், காலையில் மூன்று மணி நேரம். மாதம் 350 வெள்ளி (ரிங்கிட்) 'அன்பளிப்பு' கவரில் போட்டுக் கொடுக்கப்படுகிறது. இரண்டாமவர், பிள்ளைகளையும் வாலிபர்களையும் கவனிக்க ஓர் இளைஞர். இறையியல் டிப்ளோமா முடித்தவர், பொருளாளரின் அக்கா மகன். 1,200 வெள்ளி படி, 300 வெள்ளி பெட்ரோல், சபையின் பின்னறையில் தங்குமிடம் என்று பேச்சு. மூன்றாவது, அரை நாள் ஆபிஸ் வேலைக்கு ஒருவர். கட்டவேண்டியதெல்லாம் கட்டிய பிறகு சபையின் கையில் மாதம் சுமார் 3,200 வெள்ளி மிஞ்சுகிறது.

குழுவில் மூன்று கருத்துகளாம். "இது ஊழியம், வேலை இல்லை. இபிஎஃப், சொக்சோ எல்லாம் கம்பெனிக்காரனுக்கு" என்கிறார் ஒருவர். (இபிஎஃப் என்பது ஊழியர் சேமநிதி, சொக்சோ என்பது வேலை விபத்துக்கு உதவும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு.) "தொண்டர் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தீர்ந்தது" என்கிறார் இன்னொருவர். "கொந்திராக்ட் போடுங்கள், அவர்களே கட்டிக்கொள்ளட்டும்" என்கிறார் பொருளாளர். எது சரி என்று கேட்கிறார் வாசகர்.

ஐயா, மூன்றுமே சரியில்லை. கோபிக்காமல் மேலே படியுங்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'ஊழியம்' என்றால் கர்த்தருடைய பணி. 'ஊழியர்' என்றால் போதகரும் ஊழியர்தான், அரசாங்க ஆபிஸ் பியூனும் ஊழியர்தான், சேமநிதிக்குப் பெயரே ஊழியர் சேமநிதிதான். ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் உங்கள் குழுவுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. சட்டத்துக்கு அந்தக் குழப்பம் கிடையாது. எந்த நேரத்துக்கு வரவேண்டும் என்று யார் சொல்கிறார், எப்படிச் செய்யவேண்டும் என்று யார் சொல்கிறார், துடைப்பமும் சாவியும் யாருடையது, மாதாமாதம் யார் பணம் கொடுக்கிறார், அந்த ஆளின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதானா? எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்தே ஒருவரைத் தொழிலாளி என்று அனுமானிக்கலாம் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 101சி பிரிவு. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கவரின் மேல் 'அன்பளிப்பு' என்று எழுதியிருப்பதை அது படிக்காது.

அதே தேதியிலிருந்து, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் தீபகற்பத்தில் வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் எல்லோரும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். மிகைநேரப் படி போன்ற சில உரிமைகளுக்கு மட்டும் 4,000 வெள்ளி என்ற வரம்பு உண்டு. உங்கள் அக்கா அதற்கு முன்பும் சட்டத்துக்குள்தான் இருந்தார். "வீட்டு வேலைக்காரருக்கு விதிவிலக்கு உண்டே" என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதையும் பார்த்தேன். அது தனியார் குடியிருப்பில் வேலை செய்பவருக்கு. சபை மண்டபத்தைக் கழுவுகிறவருக்குப் பொருந்தாது.

தொண்டர் என்று கையெழுத்து வாங்குவது வீண். சட்டம் கொடுப்பதைவிடக் குறைவாக ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த வரி செல்லாது, தொழிலாளி மனமார ஒப்புக்கொண்டிருந்தாலும். கொந்திராக்ட் யோசனையும் அப்படியே. பத்து இடத்தில் வேலை பிடித்து, தன் சாமானைக் கொண்டுவந்து செய்துவிட்டுப் போகிற ஏர்கோன்காரர் கொந்திராக்ட்காரர். உங்கள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆறு நாளும் வருகிற அக்கா அப்படி இல்லை.

இதனால் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் பாடகர் குழுவும் வேலையாட்கள் ஆகிவிடுவார்களா என்று பயப்பட வேண்டாம். அவர்கள் உண்மையான தொண்டர்கள். ரசீது காட்டிப் பெட்ரோல் காசு வாங்கினாலும் தொண்டர்களே. மாதா மாதம் ஒரே தொகை, குறித்த நேரம், வராவிட்டால் கேள்வி என்று ஆகும்போதுதான் கதை மாறும்.

அந்த அக்காவின் கணக்கு

உங்களுக்கு நான் செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. காலை பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஒருவர் பெயர் விட்டுப்போனால், அன்றைக்குப் பால் வெட்டியும் வெட்டாத கணக்குதான். உங்கள் பேனாவுக்காக எத்தனை பேர் ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே காத்து நின்றிருப்பார்கள்! பதினெட்டு வருடமாக உங்கள் சபையின் செக்ரோலில் அந்த அக்காவின் பெயர் இல்லை ஐயா. மூன்று பேரில் அவரைப் பற்றித்தான் நீங்கள் மிகக் குறைவாக எழுதியிருக்கிறீர்கள். நான் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 சென். அக்காவுக்கு வாரம் பதினெட்டு மணி. பெருக்கி, ஐம்பத்திரண்டு வாரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 680 வெள்ளி வருகிறது. நீங்கள் கொடுப்பது 350. சேமநிதிக்குச் சபையின் பங்கு 13 விழுக்காடு, சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து இன்னும் 2 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக மாதம் 780 வெள்ளி அளவில் ஆகும். சபையின் பங்கையும் சேர்த்து அவர் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று பொருளாளர் சொன்னாராம். கூடவே கூடாது. தொழிலாளியின் 11 விழுக்காட்டைப் பிடிக்கலாம், முதலாளியின் பங்கு முதலாளியுடையது.

"நான் கர்த்தருக்குச் செய்கிறேன், காசைக் கூட்டாதீர்கள்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சொல்லியிருப்பார். அவர் காணிக்கையாகக் கொடுக்க நினைத்தால், சம்பளத்தை வாங்கி, பிறகு தன் கையால் பையில் போடட்டும். அது அவருடைய காணிக்கை. இப்போது நடப்பதில் சபை அவருக்காகக் காணிக்கை போட்டுக்கொண்டிருக்கிறது.

சொக்சோவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நான் பார்த்த ஒரு வழக்கு. அது ஒரு கோயில். ஆமாம், கோயில் நிர்வாகங்களுக்கும் நான் இதையேதான் சொல்கிறேன், பண்டாரமும் கூட்டுகிற அம்மாவும் அங்கேயும் 'சேவை'தான் செய்கிறார்கள். அந்த அம்மா நாற்காலி மேல் ஏறிக் காற்றாடி இறக்கையைத் துடைக்கும்போது நாற்காலி வழுக்கியது. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. பெயர் பதிவே இல்லாததால், அவர் அங்கே வேலை செய்தார் என்று நிரூபிக்கவே மாதக்கணக்கில் அலைந்தார்கள். கடைசியில் உதவியது என்ன தெரியுமா? கோயில் திருவிழா நோட்டீஸின் பின்பக்கத்தில் நன்றிப் பட்டியலில் இருந்த அவர் பெயர். பதிவு செய்திருந்தால் மருத்துவச் செலவும் வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கான உதவித்தொகையும் கேள்வியில்லாமல் வந்திருக்கும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் அந்தக் காப்பு உண்டு.

பழைய பாக்கி என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சேமநிதி கட்டாமல் விடுவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். சங்கமோ சபையோ கட்டாமல் விட்டால் அதன் பொறுப்பாளர்கள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்தும் கட்டவேண்டி வரலாம். அதில் நீங்களும் உண்டு ஐயா. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 'அரசாங்கம் சர்ச் பக்கம் வராது' என்கிறாரே உங்கள் குழு உறுப்பினர், அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அதிகாரி தானாக வருவது அபூர்வம்தான். மனத்தாங்கல் வந்த நாளில், அல்லது அக்காவின் பிள்ளைகள் கேட்கிற நாளில், புகார் உள்ளேயிருந்து போகும். அதற்கு முன் நீங்களாகவே சேமநிதி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்து, பாக்கியைத் தவணையில் கட்ட வழி கேளுங்கள். தானாகப் போகிறவருக்கும் பிடிபட்டவருக்கும் கவுண்டரில் நடக்கும் பேச்சே வேறு.

வாலிபர் வேலைக்கு அந்த இளைஞர்

1,200, அதோடு 300, அதோடு தங்குமிடம், கூட்டினால் 1,700ஐத் தாண்டிவிடும் என்பது உங்கள் குழுவின் கணக்கு. குறைந்தபட்சச் சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளம். பெட்ரோலும் அறையும் அதில் சேராது. முழுநேரம் வைப்பதென்றால் அடிப்படையே 1,700 இருக்கவேண்டும். சபையின் சேமநிதிப் பங்கு 221 வெள்ளி, சொக்சோவும் காப்புறுதியும் 30 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். மாதம் ஏறக்குறைய 1,950. அவர் கையில் வாங்குவது 1,500.

இந்த வேலையில் நேரம்தான் சிக்கல். வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம், ஒரு முழு நாள் ஓய்வு. ஞாயிறு அவருக்கு வேலை நாள். சனிக்கிழமை வாலிபர் கூட்டம், புதன் இரவு வீட்டு ஜெபம், பள்ளி விடுமுறையில் முகாம். "எப்போ கூப்பிட்டாலும் வருவான், நல்ல பையன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலையாக இருந்தது. திங்கட்கிழமை அவருக்கு ஓய்வு என்று அட்டவணையில் போட்டு, அன்றைக்கு யாரும், போதகர் உட்பட, 'ஒரு சின்ன வேலை' என்று போன் போடக்கூடாது. பொது விடுமுறை வருடத்துக்குப் பதினொன்று. மெர்டேக்கா, மலேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம் ஐந்தும் கட்டாயம். கிறிஸ்துமஸ் அன்று அவர் வேலை செய்யத்தான் வேண்டியிருக்கும். அதற்குப் பதில் வேறு ஒரு நாள் என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிவைக்கலாம். பெரிய வெள்ளி தீபகற்பத்தில் பொது விடுமுறையே இல்லை, அதனால் அங்கே பிரச்சினை எழாது.

அவர் பொருளாளரின் உறவு என்பது குற்றமில்லை. நம் ஊர்களில் யார்தான் யாருக்கு உறவில்லை. ஆனால் சம்பளம் முடிவாகும் கூட்டத்தில் பொருளாளர் வெளியே போய் உட்காரவேண்டும், அது குறிப்புப் புத்தகத்தில் ஏறவேண்டும். வேலையைச் சபையில் அறிவித்து, வேறு யாராவது மனுப்போட்டால் அவரையும் நேர்காணலுக்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகளோடு பழகப்போகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு சமூகநல இலாகாவிடம் இருக்கிறது. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் விண்ணப்பித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம்ம பையன்தானே என்று விடாதீர்கள். நம்ம பையனுக்கும் அது பாதுகாப்புதான். பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலை இடத்தில் ஒட்டிவைப்பதும் இப்போது கட்டாயம். சபை ஆபிஸ் கதவு போதும்.

அப்புறம், இந்த வேலையில் இரண்டு வருடம் இருந்தால் குருப்பட்டம் கிடைத்துவிடும் என்ற எண்ணம் அவருக்கு இருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதைத் திறந்து பேசிவிடுங்கள். போதகராவதற்கு உங்கள் சபைக்குத் தனிப் பாதை இருக்கிறது. சபையின் சிபாரிசு, ஊழியக் குழுவின் நேர்காணல், இறையியல் படிப்பு, ஆண்டு மாநாட்டின் முடிவு. எல்.சி.இ.சி. சம்பளம் கொடுப்பது அதில் ஒரு படி ஆகாது. வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

யாருக்கு யார் பொறுப்பு

நான் மெதடிஸ்ட் இல்லை. ஆனால் உங்கள் சபைகள் சிலவற்றின் பத்திரங்களைப் பார்த்த அனுபவத்தில் ஒன்று புரிந்தது. மற்ற இடங்களில் முதலாளி நிரந்தரம், வேலையாள் மாறுவார். உங்களிடம் போதகர் மாறுவார், வேலையாள் இருப்பார். போதகரை அனுப்புவதும் மாற்றுவதும் ஆண்டு மாநாடு. அக்கா இந்தப் பதினெட்டு வருடத்தில் எத்தனை போதகரைப் பார்த்திருப்பார்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வேலை சொல்லியிருப்பார்கள். போதகர் வீட்டுத் துணி துவைப்பதுகூட ஒரு காலத்தில் அவர் வேலையில் சேர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இப்படித்தான் சேரும்.

அதனால் வேலை விவரம் எழுத்தில் இருக்கவேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் எழுத்து ஒப்பந்தம் சட்டப்படியே கட்டாயம், வேலையை எப்படி முடித்துக்கொள்வது என்ற வரியும் அதில் வேண்டும். அன்றாட வேலையைச் சொல்பவர் 'போதகர் பதவியில் இருப்பவர்' என்று எழுதுங்கள், ஆள் பெயர் வேண்டாம். வேலைக்கு எடுப்பதும் நீக்குவதும் குழுவின் கையில் இருக்கட்டும். சம்பளம் வருடாந்தரக் கணக்கில் வந்து, டி.எஸ். எனப்படும் மாவட்டக் கண்காணிப்பாளர் தலைமையில் நடக்கும் சபைக் கூட்டத்தில் ஒப்புதல் பெறட்டும். ஒப்பந்தத்தில் முதலாளியாக யார் பெயரில் கையெழுத்துப் போடுவது என்பதையும் டி.எஸ்ஸிடம் கேட்டுவிட்டே அச்சடியுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

லே ஆட்களுக்கு, அதாவது குருப்பட்டம் இல்லாதவர்களுக்கு, சம்பளம் கொடுப்பது மெதடிஸ்ட் மரபுக்கு விரோதம் என்று பெரியவர் ஒருவர் சொன்னாராம். உங்கள் சபைப் போதகர் ஒருவர் எனக்குச் சொன்ன கதை இது. குருப்பட்டம் இல்லாத தாமஸ் மேக்ஸ்ஃபீல்ட் லண்டனில் பிரசங்கம் செய்கிறார் என்று கேட்டு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கோபமாக வந்தாராம். அவருடைய அம்மா சூசன்னாதான் "முதலில் அவர் பேசுவதைக் கேட்டுப் பார்" என்று மகனை நிறுத்தினாராம். சம்பளத்தைப் பற்றி அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. லே ஆட்கள் உங்களுக்குப் புதிதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

3,200 வெள்ளிக்குள் என்ன செய்யலாம்

மூன்று பேரையும் சட்டப்படி வைத்தால், ஆபிஸ் வேலைக்கு வாரம் இருபது மணி நேரம் என்று எடுத்துக்கொண்டாலும், 3,600 வெள்ளியைத் தொடும். இடிக்கிறது. என் யோசனை இது. அக்காவை இந்த மாதமே ஒழுங்குபடுத்துங்கள், அது புதுச் செலவு என்று நினைக்காதீர்கள், பழைய கடன். இளைஞர் வேலைக்கு ஆள் எடுங்கள். இரண்டும் சேர்ந்து 2,750க்குள் வரும். ஆபிஸ் வேலையை இப்போதைக்கு விடுங்கள். ஞாயிறு தாள் அச்சடிக்கவும் கணக்கு ஏற்றவும் வாலிபர்களும் ஓய்வுபெற்ற கிராணிகளும் இல்லாத சபையா அது? மிச்சத்தில் அக்காவின் பழைய பாக்கியைக் கட்டுங்கள், பிறகு ஆறு மாதச் சம்பளத்தைத் தனியாக ஒதுக்குங்கள்.

ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காணிக்கை குறைந்து ஆளை நிறுத்தவேண்டி வந்தால் சும்மா அனுப்ப முடியாது. ஒரு வருடம் வேலை செய்தவருக்கு வருடத்துக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டு வருடத்துக்கு மேல் பதினைந்து நாள், ஐந்து வருடத்துக்கு மேல் இருபது நாள் என்று இழப்பீடு உண்டு. நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் நான்கு, ஆறு, எட்டு வாரம் என்று இதே கணக்கில் ஏறும். நியாயமான காரணம் இல்லாமல் நீக்கியதாக நினைப்பவர் அறுபது நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக்கொடுக்கலாம். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற ஒப்பந்தம் போட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேலை தொடர்ந்து இருக்கும்போது சும்மா புதுப்பித்துக்கொண்டே போனால், அதை நிரந்தர வேலை என்றே நீதிமன்றம் பார்க்கக்கூடும்.

சரி, நாளைக் காலை செய்யவேண்டியது. டி.எஸ்ஸுக்கு ஒரு போன். பிறகு சேமநிதி, சொக்சோ இரண்டிலும் சபையை முதலாளியாகப் பதிவு செய்யுங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள், சம்பளச் சீட்டோடு. கவர் வேண்டாம். சேமநிதியும் சொக்சோவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள்.

அக்காவை அலுவலகத்துக்கு அழைத்துப் போகும்போது ஐசி அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். பெருவிரல் ரேகை கேட்பார்கள். பதினெட்டு வருடம் குளோரோக்ஸில் தரை கழுவிய விரல், மெஷினில் சுலபமாக விழாது. பால் மரம் வெட்டியவர்களுக்கும் இதே தொல்லைதான். ஈரத்துணியால் துடைத்து இரண்டு மூன்று தடவை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் விழாவிட்டால் வேறு விதமாக அடையாளம் பார்க்கச் சொல்லிக் கவுண்டரில் கேளுங்கள். அவர் வெட்கப்பட்டு "பரவாயில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்பார். யாரையும் அனுப்பாமல் நீங்களே கூடப் போங்கள் ஐயா.